புதுச் சேவல் வந்த நாள் முதல்: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் கண்டறியும் வழிமுறை

வீட்டுக் கோழிகளுக்கு இனம் சேர்ப்பதற்காகப் புதிதாக ஒரு சேவலைக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சேவல் இரை எடுக்கவில்லை, தும்முகிறது, பெட்டைகள் அதை விரட்டுகின்றன, வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போகிறது என்பார்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, சேவல் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைத்தான். ஏனென்றால் இரண்டாம் நாள் ஒரு சேவல் தலை கவிழ்ந்து நின்றால் அது பயணக் களைப்பாக இருக்கலாம். அதே சேவல் ஏழாம் நாள் அப்படி நின்றால் நோய் வெளிப்படத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். நாற்பதாம் நாள் நின்றால் செள்ளோ, குடற்புழுவோ, வெயிலோ காரணமாக இருக்கும். ஆகவே சேவல் வீட்டுக்கு வந்த தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்தத் தேதியிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டியவை.

வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் இடையில் தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டில் சிறுவிடை என்னும் சிற்றுருவ நாட்டுக் கோழிகளை வளர்க்கிறேன். பெட்டைகள் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் இருக்கும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது பொருத்தமான கணக்கு என்பதால், பெரும்பாலும் ஒரு சேவலையும், அது சோர்ந்தால் பயன்படட்டும் என்று ஓர் இளஞ்சேவலையும் வைத்துக்கொள்வேன். ஒரே சேவலை நான்கைந்து ஆண்டுகள் விட்டுவைத்தால் அது தன் மகள்களையும் பேத்திகளையும் மிதிக்கும், அதாவது அவற்றோடு இணைசேரும். குஞ்சு பொரிப்பதும் குஞ்சுகளின் ஊக்கமும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளி இரத்தம் வரத்தான் வேண்டும். சேவல் மாற்றுவதை நான் ஆவணி மாதத்தில் வைத்துக்கொள்கிறேன். கோடையின் கடுமை தணிந்திருக்கும்; ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தனிமை நாட்களும் முடிந்துவிடும்.

தனிமை என்பது முப்பது நாள். திண்ணையில் பெட்டைகளின் கூட்டுக்குப் பக்கத்திலேயே பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் சேவலை வைப்பதைப் பலர் தனிமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தனிமையே அல்ல. பெட்டைகள் மேயும் இடத்திலிருந்து குறைந்தது முப்பது நாற்பது அடி தள்ளி, அவற்றின் பக்கம் காற்று வீசாத திசையில் வைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம், தீவனத் தட்டு இரண்டும் தனியாக இருக்க வேண்டும். காலையில் முதலில் பழைய கோழிகளுக்கு இரை வைத்துவிட்டுக் கடைசியாகப் புதுச் சேவலிடம் போக வேண்டும். அங்கே போட்ட செருப்போடு திரும்பக் கூட்டுப் பக்கம் வரக் கூடாது. எச்சம் ஒட்டிய செருப்பு நோயைக் கொண்டுபோவதைப் போல வேறெதுவும் கொண்டுபோவதில்லை.

இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கிறது

முதல் மூன்று நாளுக்குள் என்றால் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை. கால்களைக் கட்டித் தலைகீழாக இருசக்கர வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த சேவல் மூச்சுத் திணறியும், கால் நரம்பு மரத்தும் வந்து சேர்ந்திருக்கும். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காலையில் வாங்கிய சேவலை உச்சிவெயிலில் பேருந்து மாறி மாறிக் கொண்டுவந்தால், அது வீடு சேரும்போது வாய் பிளந்து இரைத்துக்கொண்டிருக்கும். கோழிக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூட்டை வாய் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் காற்றோட்டமுள்ள மூங்கில் கூடையில், அதிகாலையிலோ மாலையிலோ கொண்டுவாருங்கள். வந்ததும் நிழலில் விட்டு, சிறிது கருப்பட்டி கரைத்த தண்ணீரை மட்டும் வையுங்கள்; தானியம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போதும்.

இரண்டாவது காரணம் இரை மாற்றம். பந்தயத்துக்கென்று வளர்த்தவர்களிடமிருந்து வாங்கிய சேவல்கள் கம்பு, சோளம், வேகவைத்த முட்டை என்று தின்று பழகியிருக்கும். அவற்றுக்கு முன்னால் அரிசிக் குருணையையும் தவிட்டையும் வைத்தால் கிளறிவிட்டு நகர்ந்துவிடும். விற்றவரிடம் அது என்ன தின்றது என்று கேட்டு, அதையே ஒரு வாரத்துக்கு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வீட்டு இரைக்கு மாற்றுங்கள்.

இரவில், சேவல் அடைந்த பிறகு, கழுத்தின் அடியில் வலப்பக்கம் இருக்கும் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். அது நிறைந்திருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் சேவல் தின்கிறது. மறுநாள் விடியற்காலையில், இரை வைப்பதற்கு முன், அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள், காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல்போலக் கெட்டியாக இருந்தால் இரை அடைத்துக்கொண்டது என்று பொருள். களிபோலத் தொளதொளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் இரை புளித்துவிட்டது. இரண்டுக்கும் தானியத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுத்து, ஒரு நாளில் இளகாவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கி வாந்தியெடுக்க வைக்கும் பழக்கம் வேண்டாம். மூச்சுக்குழலில் தண்ணீர் இறங்கிச் செத்துப்போகும்.

நான்காம் நாளுக்குப் பிறகும் இரை எடுக்கவில்லை என்றால் அடுத்த இரண்டு பகுதிகளையும் படியுங்கள்.

தும்மல், மூக்கில் நீர், முகம் வீக்கம்

ஒரு நாளில் இரண்டு மூன்று தும்மல், மூக்கு காய்ந்திருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்றால் தவிட்டுத் தூசியோ, கூட்டில் தேங்கிய எச்சத்தின் நெடியோ காரணம். கூட்டைச் சுத்தம் செய்து, தவிட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். இரண்டு நாளில் நின்றுவிடும்.

மூக்கைச் சுற்றி ஈரம் கசிந்து, அதில் தூசி ஒட்டிப் பொருக்குப் பிடித்து, கண்ணுக்குக் கீழே முகம் ஒருபக்கமாக வீங்கி, கிட்டப் போனால் அழுகல் வாடை அடித்தால் அது தொற்றுச் சளி. வந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள்ளேயே இது தெரிந்துவிடும். முகம் அதிகம் வீங்காமல், இரவில் அமைதியான நேரத்தில் காது வைத்துக் கேட்டால் நெஞ்சில் கரகரவென்று ஒலி கேட்கிறது, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது என்றால் அது நாட்பட்ட சுவாச நோய். இரண்டுக்கும் மருந்து உண்டு. மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை கொடுத்தால் சேவல் தேறிவிடும்.

தேறிய சேவலை என்ன செய்வது என்பதில் நான் கடுமையாக இருக்கிறேன். இந்த இரண்டு நோயிலும், பார்வைக்கு நலமாகிவிட்ட பறவை கிருமியைத் தன்னுள் சுமந்துகொண்டே இருக்கும். பெட்டைகளோடு சேர்ந்ததும் அவற்றுக்குக் கொடுக்கும். நாட்பட்ட சுவாச நோயின் கிருமியோ முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். எவ்வளவு அழகான கொண்டையும் வாலும் உடைய சேவலாக இருந்தாலும், முகம் வீங்கித் தேறிய ஒன்றை நான் பெட்டைகளோடு விடுவதில்லை. கொடுத்த பணம் போனதாக நினைத்து ஒதுக்கிவிடுவேன்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, கழுத்தைத் திருகுகிறது

இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் இந்த நோயை, இன்றைய உத்தராகண்ட் மலைப்பகுதியில் உள்ள ராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். இதன் நச்சுயிரி பறவைக்குள் புகுந்து இரண்டு நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளிப்படும். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும். சந்தையில் உங்கள் கையில் துள்ளிய சேவல் நோயோடுதான் வந்திருக்கிறது என்பது அடுத்த வாரம்தான் தெரியவரும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்தையில் செங்கருப்பு நிறத்தில் ஒரு சேவலை வாங்கினேன். நல்ல எடை, கழுத்து மயிர் வெயிலில் செப்புக்கம்பி போல மின்னும். அன்று மாலையே பெட்டைகளோடு விட்டேன். ஆறாம் நாள் காலையில் சேவல் கூட்டின் மூலையில் செட்டை தொங்க உட்கார்ந்திருந்தது. கீழே அரைத்த பாசிப்பயறைப் போலப் பச்சையாகவும், நடுவில் சுண்ணாம்பைப் போல வெள்ளையாகவும் எச்சம் கிடந்தது. மறுநாள் அதன் கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது. ஒரு கம்பு மணியைக் கொத்தப் பார்த்து, குறி தவறித் தரையைக் கொத்தி, நிலைகுலைந்து சாய்ந்தது. அதற்கடுத்த ஒன்பது நாளில் பதினான்கு பெட்டைகளில் பதினொன்று போயின. அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்று முட்டைகளின் மேலேயே செத்துக் கிடந்தது. விற்றவரைக் குறைசொல்லி என்ன பயன்? தனியாக வைக்காதது நான்தான்.

இந்த நோய்க்கு வந்தபின் மருந்து இல்லை. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்து உருண்டையாகக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். அதைக் கொடுப்பதில் கேடு ஒன்றும் இல்லை, ஆனால் அதையே நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது பெரும் தவறு. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஆர்2பி என்னும் தடுப்பூசியை இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே போடுவார்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இருவார முகாம் நடத்தி ஊர் ஊராக இலவசமாகவே போடுகிறது. தடுப்பூசியின் பலன் உடம்பில் பிடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதை மறவாதீர்கள். சேவல் வருவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே உங்கள் பெட்டைகளுக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். சேவலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது உறுதியில்லை என்றால், வந்து ஒரு வாரம் நலமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நோய் அறிகுறி காட்டும் பறவைக்குப் போடக் கூடாது.

தனிமையில் இருக்கும்போதே இந்த அறிகுறி தெரிந்தால், சேவலுக்கு அருகில் போனவர்கள் கால் கை கழுவி உடை மாற்றாமல் பெட்டைகளிடம் போகக் கூடாது. இறந்தால் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலிலும் வைகைக் கரையிலும் வீசுபவர்கள் கீழ்த்திசையில் உள்ள ஊர்களுக்கெல்லாம் நோயைக் கொடுக்கிறார்கள். ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருந்தால் அறுக்கவோ சமைக்கவோ வேண்டாம். உடனே அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அது பறவைக் காய்ச்சலாக இருக்கக் கூடும். நடமாடும் கால்நடை ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

கொண்டையில் கொப்புளம்

இது கோழி அம்மை. கொசு வழியாகப் பரவுவதால் மழைக்காலத்தில் அதிகம். கொண்டை, தாடி, கண்ணிமை ஆகியவற்றில் மரு மாதிரிக் கிளம்பிக் கறுத்துப் பொருக்காகும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, பொருக்கைப் பிய்க்காமல் விட்டால் மூன்று நான்கு வாரத்தில் தானே உதிரும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓயாமல் சொறிகிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, கால் செதில் தூக்கியிருக்கிறது

சேவலைப் பிடித்து மடியில் மல்லாத்தி, எச்சவாயைச் சுற்றியுள்ள மயிரை ஊதி விலக்கிப் பாருங்கள். மயிரின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. வைக்கோல் நிறத்தில் ஓடுவது பேன். பகலில் எதுவும் தென்படாமல் கொண்டை மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தால், இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச் அடித்து அடையும் கட்டையின் இடுக்குகளைப் பாருங்கள். செள்ளுப்பூச்சி பகலெல்லாம் மரவெடிப்பில் பதுங்கி, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும். வெள்ளைத் துணியால் கட்டையைத் துடைத்தால் சிவப்புக் கோடு விழும். சேவலுக்கு மட்டும் மருந்து போட்டால் இது தீராது. கட்டையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அடுப்புச் சாம்பலும் ஆற்று மணலும் வேப்பிலைத் தூளும் கலந்து ஓர் அகன்ற சட்டியில் வைத்தால் சேவல் தானே புரண்டு குளிக்கும்.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி தெரிந்தால் அது கால் செதிலுக்குள் வளை தோண்டும் ஒரு நுண்பூச்சி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து நாள்விட்டு நாள் மூன்று வாரம் பூசுங்கள். மண்ணெண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. தோல் வெந்துவிடும், செய்யாதீர்கள். கால் வலிக்கும் சேவல் பெட்டையின் முதுகில் ஏறி நிற்காது. கூமுட்டை என்று பின்னால் வருந்துவதற்கான விதை சில சமயம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வாரத்தில் மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்துவிடுங்கள். அதற்கடுத்த மூன்று நான்கு நாள் எச்சத்தை வாரிப் புதைத்தால், வெளியேறிய புழுவின் முட்டைகள் முற்றத்தில் பரவாது.

பெட்டைகள் சேவலை விரட்டுகின்றன

முப்பது நாள் முடிந்து சேர்க்கும்போது வரும் முதல் தொல்லை இது. பெரும்பாலும் சேவலின் வயதே காரணம். ஆறு ஏழு மாதச் சேவல் கூவும், மிதிக்கவும் முயலும். ஆனால் மூன்று ஆண்டுப் பெட்டைக்கு அது இன்னும் குஞ்சுதான். பெட்டைகளுக்குள் ஒரு வரிசை உண்டு. தலைப்பெட்டை கொத்தி ஓட்டினால் மற்றவையும் ஓட்டும். பத்து மாதத்துக்கு மேற்பட்ட சேவலாக வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

சேர்க்கும் முறையில் மீதிப் பாதி இருக்கிறது. முதலில் ஒரு வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சேவலும் இந்தப் பக்கம் பெட்டைகளுமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே மேயும்படி செய்யுங்கள். பிறகு, வரிசையில் தாழ்ந்த இரண்டு சாதுவான பெட்டைகளை மட்டும் சேவலின் இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். தன் இடத்தில் நிற்கும் சேவலுக்குத் துணிவு அதிகம். நான்கு நாள் கழித்து, பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாக எல்லாவற்றையும் ஒன்றாக மேயவிட்டால், சண்டைக்கு நேரமில்லாமல் அடையப் போய்விடும். "புதுசை இருட்டுல கொண்டுபோய்க் கட்டையில உட்கார வைடா, விடிஞ்சு பாத்தா அதுகளுக்கு நேத்திருந்தே கூட இருந்த மாதிரி இருக்கும்" என்பார் என் அப்பத்தா. அவர் சொன்னது சரிதான், தனிமையை முடித்த சேவலுக்கு மட்டும்.

சேர்ந்துவிட்டதா என்பதை அறிய நான் ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன். நான்கு கம்பு மணிகளைச் சேவலின் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்து நின்று பார்ப்பேன். நல்ல சேவல் ஒரு மணியை அலகால் எடுக்கும், விழுங்காது. கீழே போடும், மறுபடி எடுக்கும், தலையைத் தாழ்த்தியபடி தொண்டைக்குள்ளிருந்து "கொக் கொக் கொக்" என்று வேகமாகக் கூப்பிடும். ஒரு பெட்டை ஓடிவந்து அதன் அலகுக்கடியிலிருந்தே அந்த மணியைப் பொறுக்கித் தின்றால், அந்தச் சேவலைப் பெட்டைகள் ஏற்றுக்கொண்டன. தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ளும் சேவலைப் பெட்டைகள் நெடுநாள் அண்டவிடுவதில்லை.

இரத்தம் வந்துவிட்டால் காத்திருக்காமல் பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அந்த இடத்தையே கொத்தும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, புண் ஆறி மயிர் மூடும்வரை தனியாக வையுங்கள்.

பெட்டைகளின் முதுகு மயிர் உதிர்கிறது

பெட்டைகள் குறைவாக இருக்கின்றன, அல்லது சேவல் ஒன்றிரண்டை மட்டும் விரும்பி மிதிக்கிறது, அல்லது அதன் கால் முள் நீண்டுவிட்டது. எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள்; முதுகு வெளுத்த பெட்டையைப் பத்து நாள் ஒதுக்கி வையுங்கள். முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே இரத்தக்குழாய் இருப்பதால் அடியோடு வெட்டக் கூடாது. அசில் என்னும் சண்டைக்கோழி இனக் கலப்புள்ள, உருவில் பெரிய பெருவிடைச் சேவலைச் சிறுவிடைப் பெட்டைகளோடு விட்டால் எடை தாங்காமல் பெட்டைகள் நொண்டும். முட்டை இன்னும் இடத் தொடங்காத விடைக்கோழிகளை அத்தகைய சேவலிடம் விடவே கூடாது.

ஆளைப் பாய்கிறது

சண்டைக்குப் பழக்கப்பட்டதாக இருக்கலாம். கோழிகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப் பழக்கிய சேவலை இனவிருத்திக்கு வாங்குவதும் நல்லதல்ல, ஏனென்றால் பக்கத்து வீட்டுச் சேவலைக் கண்ட நேரமெல்லாம் பெட்டைகளை மறந்துவிடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளைப் பாயும் சேவல் வேண்டாம். கண்ணில் முள் ஏறிய பிறகு யோசிப்பதில் பயனில்லை.

மிதிக்கிறது, ஆனால் எல்லாம் கூமுட்டை

சேவலைக் குறைசொல்லும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த நாளில் இட்ட முட்டை, எத்தனை நாள் வைத்திருந்த முட்டை, கருவே இல்லாத முட்டையா அல்லது கரு இருந்து செத்த முட்டையா?

முன்பு சேவலே இல்லாமல் இருந்த பெட்டைகள் என்றால், மிதித்த இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே கருவுள்ள முட்டை வரத் தொடங்கும்; எல்லாப் பெட்டைகளிடமும் நிலையாக வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சேர்த்த மூன்றாம் நாள் முட்டையை அடைக்கு வைத்துவிட்டுச் சேவல் சரியில்லை என்று சொல்வது நியாயமன்று.

இருபத்தொரு நாளையும் ஓர் அடைக்கோழியையும் வீணாக்காமல் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அன்று இட்ட முட்டைகள் இரண்டு மூன்றை வெவ்வேறு பெட்டைகளிடமிருந்து எடுத்து, சமையலுக்கு உடைக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இருக்கும். கருக்கூடாத முட்டையில் அது சிறிதாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு, சுண்ணாம்புத் துளி தெறித்தது போலக் கெட்டி வெள்ளையாக இருக்கும். கருக்கூடிய முட்டையில் சற்றுப் பெரிதாக, வட்டமாக, நடுவில் தெளிந்தும் சுற்றிலும் வெண்வளையமுமாகத் தெரியும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பிறகு தடுமாறுவதில்லை. இதில் வளையம் தெரிந்தால் சேவல் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை வேறெங்கோ இருக்கிறது.

அடைக்கு வைத்த முட்டைகளை ஏழாம் நாள் இரவில், இருட்டறையில், அலைபேசி விளக்கின் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியது போலச் சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு வளர்கிறது. தெளிவாக, மஞ்சள் நிழல் மட்டும் மிதந்தால் பெரும்பாலும் கருவே கூடவில்லை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி, வளரத் தொடங்கி, செத்துவிட்டது. அதற்குச் சேவல் பொறுப்பாவது அரிது.

மதுரைக் கோடையில் அந்தச் சிவப்பு வளையம்தான் அதிகம் வருகிறது. சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தாண்டும்போது, கூரைக்கடியில் கூடையில் வைத்த முட்டை அடைக்குப் போகுமுன்னரே அரைகுறையாக வளரத் தொடங்கி, இரவில் நின்று, மறுநாள் மறுபடி தொடங்கி, நலிந்துவிடுகிறது. ஈர மணல் பரப்பிய தொட்டிக்குள் மண்பானையை இறக்கி, அதனுள் உலர்ந்த உமி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கி வையுங்கள். மற்ற மாதங்களில் ஏழு நாள் வரை வைக்கலாம். கோடையில் மூன்று நான்கு நாளுக்குமேல் வைக்காதீர்கள். பென்சிலால் ஒவ்வொன்றிலும் தேதி எழுதுங்கள்.

தட்டில் உடைத்துப் பார்த்தும் வளையம் இல்லை என்றால், இப்போது சேவலைப் பார்க்கலாம். எச்சவாயைச் சுற்றி மயிர் அடர்ந்திருந்தால் கத்தரித்துவிடுங்கள். நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்திருந்தால் தானியத்தைக் குறைத்து மேயவிடுங்கள். கத்திபோலத் துருத்தியிருந்தால் புழுவும் இரையும் பார்க்க வேண்டும். கடும் வெயிலில் சேவலின் விந்து வலுக் குறைகிறது. வெயில் தணிந்தவுடன் சரியாகாது, சில வாரம் பிடிக்கும். ஆகவே வைகாசியில் கூமுட்டை கொடுத்த சேவலை ஆடிக்குள் விற்றுவிடாதீர்கள். ஆவணியிலும் அதே நிலை என்றால், அதுவும் சேவலுக்கு நான்கு வயதுக்குமேல் என்றால், மாற்றத்தான் வேண்டும். ஒரு பெட்டையின் முட்டை மட்டும் தொடர்ந்து கூமுட்டையானால், சேவல் அதை மிதிப்பதே இல்லை என்று கொள்ளுங்கள். சேவலையும் அந்தப் பெட்டையையும் மட்டும் ஒரு வாரம் தனியாக விட்டுப் பாருங்கள்.

பொரிக்கிறது, ஆனால் குஞ்சுகள் நலிவாக இருக்கின்றன, அல்லது புதுச் சேவலின் சாயலே இல்லை

நலிவுக்கு, தாய்க்கோழிகளின் இரையையும் நோயையும் பார்த்த பிறகு, சேவல் உண்மையிலேயே வெளி இரத்தமா என்று விசாரியுங்கள். நம் ஊர்களில் அடைக்கு முட்டை வாங்குவதும், கோழியை வாரத்துக்கு (பங்குக்கு) விட்டுக் குஞ்சைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்வதும் வழக்கம். மூன்று தெரு தள்ளி வாங்கிய சேவல், ஐந்து ஆண்டுக்கு முன் உங்கள் வீட்டிலிருந்து போன முட்டையின் பேரனாக இருக்கக் கூடும். இதனால்தான் நான் வைகையின் அக்கரையிலிருந்தோ, உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ வாங்குகிறேன்.

சாயல் இல்லாததற்குக் காரணம் பெட்டையின் உடம்பில் இருக்கிறது. பழைய சேவலின் விந்து பெட்டையின் கருக்குழாயில் இரண்டு வாரத்துக்குமேல் உயிரோடு தங்கியிருக்கும். பழைய சேவலை வெளியேற்றிய தேதியையும் நாள்காட்டியில் வட்டமிட்டு, அதிலிருந்து மூன்று வாரம் வரும் முட்டைகளைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சேவல் தனிமையில் இருக்கும் முப்பது நாளில் பழையதை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் இந்த மூன்று வாரமும் அதற்குள்ளேயே கழிந்துவிடும். அதன்பின் சேவலைச் சேர்த்துப் பத்து நாள் விட்டு, பென்சில் தேதியிட்ட முட்டைகளில் பன்னிரண்டை எடுத்து, அடைகாக்கத் தயாராகிக் கேருகிற பெட்டைக்கு அடியில் பொழுதடைந்த பிறகு வையுங்கள்.